பாலம் தந்த அயல்நாட்டு வணிகர்: கோஜா பெத்ரூஸ் உஸ்கான்

சென்னையிலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கின்றது. அவ்விடத்தில் இன்றுள்ள பாலம் 1960களில் கட்டப்பெற்று, தனித்தமிழ்த் தந்தை மறைமலையடிகளின் திருப்பெயரைத் தாங்கி நிற்பதை நாம் அறிவோம். அதற்கு முன்னர் அங்கே ஒரு பழைய பாலம் இருந்தது. அதனை மர்மலாங் பாலம் என்றழைத்தனர். மாம்பலம் என்னும் ஊர்ப்பெயர் ஐரோப்பியர் நாவில் சிதைந்து மர்மலாங் ஆயிற்று என்பர். ஏறத்தாழ 240 ஆண்டுகள் மக்களைச் சுமந்த அப்பாலத்தை எழுப்பியது எந்த அரசு என்று வினவினால், விடை வியப்பளிக்கும். கோட்டையில் இருந்த ஆங்கிலக் கும்பினியாரும் அதைக் கட்டவில்லை. ஆர்க்காட்டு நவாபும் கட்டவில்லை. பாரசீக நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி இக்கரைக்கு வந்த ஓர் ஆர்மீனிய வணிகர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டினார். அவரே கோஜா பெத்ரூஸ் உஸ்கான். அன்னாரின் வாழ்வையே இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகின்றது.

கோஜா என்பது இயற்பெயரன்று, பட்டப்பெயர். நம் பெரியோர்களின் பெயர்களுக்கு முன்னே நாம் காணும் குவாஜா என்னும் அதே பாரசீகச் சொல்தான் அது. பாரசீகத்தில் வாழ்ந்த ஆர்மீனியர் கிறித்தவர்களாயினும், தம்மிடையே உயர்ந்த வணிகர்களை அச்சொல்லாலேயே மதித்தழைத்தனர். சமயம் கடந்து ஒரு சொல் இவ்வாறு பயணம் செய்வது வணிகர் உலகில் புதுமையன்று.

பெத்ரூஸின் கதைக்குள் புகுமுன், அவர் வந்திறங்கிய கடற்கரையைச் சற்றே நோக்குதல் வேண்டும். செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரை அயல்நாட்டு வணிகர்க்குப் பழகிய கரை. மாமல்லபுரத்திற்குத் தெற்கே, பாலாறு கடலொடு கலக்குமிடத்திற்கு அருகில் உள்ள வசவசமுத்திரத்தில் நிகழ்ந்த அகழாய்வில் மேலைநாட்டு மதுச்சாடிகளின் சிதைவுகள் கிடைத்தன. பல்லவர் காலத்தில் மாமல்லையே துறைமுகமாகத் திகழ்ந்தது. பிற்காலத்தில் சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் வந்தமர்ந்து, மெல்லிய துணிவகைகளை வாங்கிக் கப்பலேற்றினர். அவர்கள் கட்டிய செங்கற் கோட்டையும், பூவேலைப்பாடும் எழுத்தும் செதுக்கிய கல்லறைகளும் இன்றும் அங்கே உள்ளன. வந்து பொருளீட்டி மீளலாம் என்றெண்ணி வந்து, மீளாமலே போனவர்களின் பெயர்களே அக்கற்களில் இருக்கின்றன.

வடக்கே கோவளத்தின் கதை இன்னும் கருதத்தக்கது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆஸ்டெண்டு துறைமுகத்து வணிகர்கள் ஒரு கும்பினி அமைத்து, ஆஸ்திரியப் பேரரசரிடம் 1722ஆம் ஆண்டில் பட்டயம் பெற்றுக் கோவளத்தில் வணிகக்கூடம் நடத்தினர். பேரரசர் கையொப்பம் இருந்தது, முதல் இருந்தது, கப்பல்கள் இருந்தன. ஆயினும் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் அப்போட்டியைப் பொறுக்கவில்லை. ஐரோப்பிய அரசுகளின் நெருக்குதலால் 1727இல் அப்பட்டயம் நிறுத்திவைக்கப்பட்டது. 1731ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையோடு அக்கும்பினியின் கீழ்த்திசை வணிகம் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டுகளில், கோவளத்திலிருந்து ஒரு நாள் நடைத்தொலைவிலுள்ள சென்னப்பட்டணத்தில், பின்னால் எந்தப் பேரரசரும் இல்லாத, கொடியும் படையும் இல்லாத ஒரு தனிமனிதர் கடை விரித்துச் செழித்தார். கும்பினிக்கு வாய்க்காதது அவருக்கு எவ்வாறு வாய்த்தது?

பெத்ரூஸ் பிறந்தது பாரசீகத்தின் தலைநகராயிருந்த இஸ்ஃபஹானை ஒட்டிய புதிய ஜுல்ஃபா என்னும் ஊரில். காலம் ஏறத்தாழ 1680. அவ்வூரே ஒரு குடிபெயர்ப்பின் விளைவு. அராக்ஸ் ஆற்றங்கரையிலிருந்த பழைய ஜுல்ஃபாவின் மக்களை ஷா அப்பாஸ் மன்னர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரோடு பெயர்த்துக் கொணர்ந்து இஸ்ஃபஹானின் அருகே குடியேற்றினார். உஸ்மானியரோடு நிகழ்ந்த போரில் எல்லைப்புறத்தை வெறுமையாக்குவது அவர் கருத்து. பட்டு வணிகத்தில் தேர்ந்த அம்மக்களின் திறமையைத் தம் தலைநகருக்குப் பயன்படுத்திக் கொள்வதும் கருத்து. ஆற்றைக் கடக்கும்போது பலர் மாண்டனர். எஞ்சியோர் தம் பழைய ஊரின் பெயரையே புதிய ஊருக்கு இட்டு, இரண்டு தலைமுறைக்குள் உலக வணிகராயினர். ஆகவே பெத்ரூஸ் பிறவியிலேயே அயலூரார் எனலாம். அயலூரில் கடை வைப்பது எவ்வாறு என்பது அவருடைய பாட்டனார் காலத்திலிருந்தே அச்சமுதாயம் கற்ற பாடம்.

அந்தப் பாடம் யாது? ஜுல்ஃபா வணிகரிடையே வழங்கிய ஒரு முறையை ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். ஊரிலிருக்கும் செல்வர் முதல் தருவார். இளைஞர் ஒருவர் அதனைப் பெற்றுக்கொண்டு அயல்நாடு செல்வார். முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது. ஆண்டுகள் பல கழித்து மீளும்போது கணக்கேட்டை விரித்து இலாபத்தைப் பகிர்வர். பயணம் சென்றவருக்குப் பெரும்பாலும் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை கிடைக்கும். இஸ்லாமிய வணிக நெறியில் முளாரபா எனப்படும் கூட்டுமுறைக்கு இது மிக நெருங்கியது என்பதை நம் மாணவர்கள் எளிதில் உணர்வர். இம்முறையின் உயிர்நாடி நாணயம். கணக்கில் பொய்த்த முகவரைப் பற்றிய செய்தி மடல்களின் வழியே எல்லாத் துறைமுகங்களுக்கும் பரவிவிடும். பிறகு அவருக்கு எவரும் முதல் தரமாட்டார். ஹோவனெஸ் என்னும் ஜுல்ஃபா முகவர் ஒருவர் 1682 முதல் 1693 வரை எழுதிய கணக்கேடு இன்றும் உள்ளது. இந்தியாவில் பல ஊர்களைச் சுற்றி, நேபாளம் கடந்து, திபேத்தின் லாசா நகரம் வரை அவர் வணிகம் செய்ததை அந்த ஏடு காட்டுகின்றது. எந்த ஊரில் எந்த எடைக்கல், எந்த நாணயம், எவ்வளவு சுங்கம் என்பதை அறிந்தே இவர்கள் புறப்பட்டனர்.

முதலும் நாணயமும் மட்டும் போதா. அயல்நாட்டில் தங்க உரிமை வேண்டும். வளைகுடா நாடுகளில் தொழில் செய்யும் நம் சமுதாயத்தவர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. உள்ளூரார் ஒருவர் பொறுப்பேற்றாலன்றிக் கடையின் பெயர்ப்பலகையையும் மாட்ட முடியாத நிலையைப் பலர் கண்டிருக்கின்றனர். ஆர்மீனியர்க்கு அந்த உரிமையைத் தந்தது 1688ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் இலண்டனில் எழுதப்பெற்ற ஓர் உடன்படிக்கை. கோஜா பானோஸ் கலந்தர் என்னும் ஆர்மீனியப் பெருவணிகர் தம் இனத்தார் சார்பில் கிழக்கிந்தியக் கும்பினியோடு செய்துகொண்டது அது. கும்பினியின் துறைமுகங்களில் ஆங்கிலேயர்க்குள்ள வணிக உரிமைகள் ஆர்மீனியர்க்கும் உண்டு. கும்பினிக் கப்பல்களில் அவர்கள் சரக்கேற்றலாம். ஓரூரில் நாற்பது ஆர்மீனியர் குடியிருந்தால் அவர்கள் வழிபாட்டுக்கு இடம் தரப்படும், ஏழாண்டுக் காலம் குருவுக்கு ஆண்டுக்கு 50 பவுன் வழங்கப்படும் என்பன அதன் செய்திகள். கும்பினியார் இதனை அன்பினால் செய்தனர் என்று எண்ண வேண்டா. தரைவழியே பாரசீகம் சென்றுகொண்டிருந்த ஆர்மீனியர் சரக்கைத் தம் கப்பல்களுக்குத் திருப்புவதே அவர்கள் நோக்கம். பயன்படும் வரையே உரிமை என்பது அந்தப் பட்டயத்தில் எழுதப்படாத விதி. அதனைப் பெத்ரூஸின் தலைமுறை பின்னர்ப் பட்டறிந்தது.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னப்பட்டணத்தில் நிலைகொண்ட பெத்ரூஸின் செல்வத்திற்கு ஊற்றாய் இருந்தது மணிலா வணிகம். பிலிப்பைன் தீவுகளின் மணிலா நகர் அன்று ஸ்பானியர் வசம் இருந்தது. மெக்சிக்கோவிலிருந்து ஆண்டுதோறும் பெருங்கப்பலில் அங்கு வெள்ளி வந்திறங்கும். சென்னைத் துணிக்கு அங்கே நல்ல விலை. ஆனால் ஸ்பானியர் ஆங்கிலக் கப்பல்களைத் துறைமுகத்தில் அனுமதிக்க மாட்டார்கள். ஆகவே கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் தம் சரக்கை ஆர்மீனியர் பெயரிலும் முஸ்லிம் வணிகர் பெயரிலும் அனுப்பினர். கொடி ஒருவருடையது, பொதி மற்றொருவருடையது. எல்லாரும் இதனை அறிவர், எவரும் பேசுவதில்லை. எந்தப் பேரரசுக்கும் உரியவரல்லர் என்பதே ஆர்மீனியரின் பலமாயிற்று. கோவளத்து ஆஸ்டெண்டு கும்பினியாரின் பட்டயம் அவர்களைப் பகையாளிகளாக்கியது. பெத்ரூஸின் கொடியின்மை அவரை எல்லார்க்கும் வேண்டியவராக்கியது. மேலே எழுப்பிய வினாவுக்கு இதுவே விடையின் ஒரு பகுதி எனக் கருதுகின்றேன். மறு பகுதி அடையாற்றின் கரையில் உள்ளது.

அந்நாளில் சென்னையிலிருந்து தெற்கே செல்வோர் அடையாற்றில் இறங்கியே கடந்தனர். கோடையில் முழங்கால் நீர். கார்காலத்தில் செம்புலப் பெருவெள்ளம். காஞ்சிபுரம், செங்கற்பட்டுப் பகுதியின் நெசவூர்களிலிருந்து துணிப்பொதிகளைச் சுமந்துவரும் எருதுகளும் ஆட்களும் வெள்ளம் வடியும்வரை அக்கரையிலேயே காத்துக்கிடக்க வேண்டும். பரங்கிமலையில் 1523இல் போர்ச்சுகீசியர் எழுப்பிய தேவாலயத்திற்குச் செல்லும் பயணிகளுக்கும் அதே இடர்ப்பாடு. பெத்ரூஸ் கத்தோலிக்க நெறியினர், அம்மலையின்பால் பெரும்பற்றுடையவர். 1726ஆம் ஆண்டில் ஆற்றின் குறுக்கே பல வளைவுகளையுடைய பாலத்தை அவர் எழுப்பினார். மலையடிவாரத்திலிருந்து உச்சி வரை நூற்றுக்கு மேற்பட்ட அகன்ற கற்படிகளையும் அமைத்தார். பாலத்திற்கு அவர் செலவிட்டது 30,000 வராகன் என்பர் சென்னை வரலாறு எழுதியோர். அத்துடன் நில்லாது, அதனைக் காலந்தோறும் பழுதுபார்ப்பதற்கென 1,500 வராகனைத் தனியே வைத்தார். கொடைகளைப் பற்றி எழுதுவோர் பெருந்தொகையையே போற்றுவர். எனக்கோ இரண்டாவது தொகையே பெரிதாகப் படுகின்றது. கட்டித் திறப்பது பலர்க்கும் இயலும். கட்டியது இற்றுப்போகும் என்பதை முன்னரே கணக்கில் எழுதிவைப்பது நல்ல கணக்கர்க்கே இயலும்.

இது அறமா, வணிகமா என்று கேட்பாரும் உளர். பாலத்தின் மேல் வந்த துணிப்பொதிகளில் அவர் வாங்கியவையும் இருந்திருக்கும். இரண்டையும் பிரித்தறிய வேண்டிய தேவை அவருக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. பாலத்தின் நினைவுக்கல்லில் ஆர்மீனியம், பாரசீகம், இலத்தீன் ஆகிய மொழிகளில் எழுத்துப் பொறிக்கப்பட்டது. தம் இனத்தார்க்கு ஆர்மீனியம். நவாபின் அலுவலர்க்குப் பாரசீகம். ஐரோப்பியர்க்கும் தம் திருச்சபையார்க்கும் இலத்தீன். பாலத்தின் மேல் நாள்தோறும் நடந்த மக்களின் தமிழ் அதில் இடம்பெறவில்லை. அயலாருக்கு யாரிடம் உரிமைச்சீட்டுப் பெற வேண்டும் என்பது தெரியும். அக்கல் அதனையும் சேர்த்தே சொல்கின்றது. இதனை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தமிழ்த்துறை மலரில் எழுதும்போது சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

அயல்மண்ணில் பொருளீட்டியவர் அம்மண்ணுக்கே ஒன்றைத் திருப்பித் தருவது நம் வணிகர் வரலாற்றிலும் உண்டு. தமிழகக் கரையிலிருந்து பினாங்குத் தீவுக்குச் சென்று குடியமர்ந்து, அங்குள்ள தென்னிந்தியர்க்குத் தலைவராய் விளங்கிய காதர் முகையதீன் அவர்களின் தலைமையில் 1801இல் தொடங்கப்பெற்ற கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் ஜார்ஜ் டவுன் நகரின் நடுவே விளங்குகின்றது. அங்கே அவர் அயலார். இங்கே பெத்ரூஸ் அயலார். எழுபத்தைந்தாண்டு இடைவெளியில் ஒரே கடலின் இரு கரைகளில் நிகழ்ந்தவை இவை.

இனி, இடர்க்காலம். 1746ஆம் ஆண்டு செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. உதவிக்கு வந்த நவாப் அன்வருத்தீனின் படை, அவர் மைந்தர் மஹ்பூஸ் கான் தலைமையில், அதே அடையாறு கடலோடு கலக்குமிடத்தில் தோல்வியுற்றது. புதுச்சேரியின் ஆளுநர் துய்ப்ளே, சென்னையை வெறுமையாக்கி அதன் வணிகரைப் புதுச்சேரியில் குடியேற்ற விரும்பினார். அம்முயற்சிகளை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு விரிவாகக் காட்டுகின்றது. ஆர்மீனியர்க்கும் அழைப்பு விடுக்கப்பட்டது. பெத்ரூஸ் இணங்கவில்லை. அதன் விளைவாக அவருடைய வீடுகளும் சரக்குகளும் பறிமுதலாயின. அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்தைக் கடந்திருந்தது. வாழ்நாள் முழுதும் சேர்த்தது சில நாள்களில் பிறர் கைக்குப் போயிற்று.

அவர் ஏன் இணங்கவில்லை? ஆங்கிலேயர் பால் அவர் கொண்ட விசுவாசம் என்று ஆங்கில நூலாசிரியர்கள் புகழ்ந்துரைப்பர். தாம் செல்வம் பெற்றது ஆங்கிலேயர் நிழலில்தான் என்னும் நன்றியுணர்வு அவரிடம் இருந்தது உண்மையே. எனினும் வேறொன்றும் இருந்திருக்கக்கூடும் என்பது என் எண்ணம். பசராவிலும் மணிலாவிலும் அவர் பெயரை நம்பிப் பொருள் கொடுத்தவர் இருந்தனர். காற்றடிக்கும் பக்கம் சாயும் வணிகர் என்று பெயர் வாங்கிவிட்டால் அந்த நம்பிக்கை போய்விடும். வீடு போனால் மீண்டும் கட்டலாம். சொல் போனால் ஜுல்ஃபா வணிகர்க்கு வாழ்வில்லை.

உடன்படிக்கையின்படி 1749இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தது. விசுவாசத்திற்குப் பரிசு கிடைத்ததா எனின், கிடைத்தது வேறு. கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரர்க்கு உதவினர் என்று ஐயுற்ற கும்பினியார், அவர்களையும் ஆர்மீனியரையும் கோட்டையைச் சூழ்ந்த வெள்ளையர் பட்டணத்திலிருந்து வெளியேறப் பணித்தனர், வீடுகளை எடுத்துக்கொண்டனர். 1688ஆம் ஆண்டின் பட்டயம் இருந்தது, அதனைக் கேட்பாரில்லை. பெத்ரூஸ் ஒருவருக்கு மட்டும் விலக்கு அளித்து, அங்கேயே வாழ இசைந்தனர். அவருடைய பொதுப்பணிகளும் பிரெஞ்சுக்காரரை மறுத்த உறுதியும் அதற்குக் காரணங்களாயின. பாலம் கட்டியவரை வெளியே துரத்தக் கும்பினியார்க்கும் கூச்சம் இருந்தது போலும். ஆயினும் தம் இனத்தார் அனைவரும் வெளியேற்றப்பட்ட தெருவில் தாம் மட்டும் குடியிருப்பது முதியவருக்கு என்ன மகிழ்வைத் தந்திருக்கும்?

அந்த வெளியேற்றத்தோடு ஆர்மீனியர் அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய ஆர்மீனியன் தெருவில் 1772இல் அவர்கள் தேவாலயம் எழுந்தது. அதே ஆண்டளவில் ஷாஹமிர் ஷாஹமிரியான் என்னும் வணிகர் சென்னையில் ஆர்மீனிய அச்சகம் நிறுவினார். உலகின் முதல் ஆர்மீனிய இதழான அஸ்தரார் 1794இல் வெளிவந்தது நம் சென்னையிலிருந்துதான்.

பெத்ரூஸ் 1751ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், எழுபதாம் வயதில், சென்னையில் காலமானார். வேப்பேரியில் தாமே எழுப்பிய சிற்றாலயத்தின் வளாகத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அடுத்த ஆண்டே, அவருடைய பொறுப்பாளர்களின் மறுப்பையும் மீறி, கும்பினியார் அந்த ஆலயத்தைக் கத்தோலிக்கரிடமிருந்து எடுத்துச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த டேனிய மிஷனரிகளிடம் ஒப்படைத்தனர். இன்று அங்கே நிற்பது தூய மத்தியா ஆலயம். கட்டியவர் ஒரு நெறி, வழிபடுவோர் மற்றொரு நெறி. கல்லறை மட்டும் இடம் பெயரவில்லை. மர்மலாங் பாலம் இடிக்கப்பட்ட பின்னும் அதன் மும்மொழிக் கல் சாலையோரத்தில் நின்றது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து மறைமலையடிகள் பாலத்தின் மேல் ஓடிப் போக்குவரத்தை நிறுத்தியபோது, சென்னை மக்கள் இருபுறமும் காத்து நின்றனர், 1726க்கு முன்னர் நின்றதைப் போலவே.

பெத்ரூஸ் தம் விருப்பமாக ஒன்றை எழுதிவைத்திருந்தார். அதன்படி அவருடைய இதயம் மட்டும் உடலிலிருந்து எடுக்கப்பெற்று, ஒரு பேழையில் வைத்து ஜுல்ஃபாவுக்கு அனுப்பப்பட்டது. நாதிர் ஷாவின் இறுதி ஆண்டுகளில் விதிக்கப்பட்ட கொடிய வரிகளால் அவ்வூர் அப்போது பாழ்பட்டிருந்தது. அங்கிருந்த வணிகக் குடும்பங்கள் பசரா நோக்கியும் இந்தியா நோக்கியும் வெளியேறிக்கொண்டிருந்த அந்நாள்களில், அந்தச் சிறு பேழை சென்னையிலிருந்து ஜுல்ஃபாவை நோக்கிச் சென்றது.